சிவப்பு மை

பிறநாடுகளிலிருந்து நம்மிடம் படிக்க வரும் மாணவரைப் பற்றி யாரேனும் மேடையிற் பேசக் கேட்டால், எனக்கு உடனே ஒரு கட்டுரைக் கொப்பி நினைவுக்கு வந்துவிடுகிறது.

1979ஆம் ஆண்டிலே மத்திய ஐரோப்பிய நாடொன்றிலிருந்து இளம்பெண் ஒருவர் நமது நாட்டுக்கூத்துகளை ஆராயவென்று யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். நான் அப்பொழுது விரிவுரையாளனாகி இரண்டு ஆண்டு நிரம்பாதவன். வாயிலிலே நிறைகுடம் வைத்தோம். மாலை சூட்டினோம். சந்தனமும் கற்கண்டும் கொடுத்தோம். வரவேற்புரை நிகழ்த்திய ஐவரும் சங்கப் பாட்டொன்றின் ஒரே அடியை ஆளுக்கொரு முறை எடுத்தோதினோம். அஃது எந்த அடி என்று வாசகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் அவர் நூலகத்துக்குப் போனார்; நாங்கள் எங்கள் வேலைக்குப் போனோம்.

அவருடைய தமிழைக் கவனிக்கும் பொறுப்பு என்னிடம் விடப்பட்டிருந்தது. இரண்டு கிழமைக்கு ஒரு முறை அவர் ஒரு கட்டுரை எழுதித் தரவேண்டும். எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆனால், ‘எனக்குத் தோன்றுகிறேன்’, ‘எனக்கு விளங்குகிறேன்’ என்று ஒரே வகைப் பிழை பக்கத்துக்குப் பக்கம் தலைகாட்டும். நான் அவற்றைக் கண்டேன், திருத்தவில்லை. கடைசிப் பக்கத்தின் அடியிலே ‘மிக நன்று’ என்று எழுதி ஒப்பமிட்டுக் கொடுத்தேன். இவ்வளவு தொலைவிலிருந்து வந்து தமிழ் எழுதுகிறாரே, அதுவே பெரிது, பிழை சொல்லி மனத்தை நோகச் செய்யலாமா என்பதே அன்று எனது எண்ணம். இதனை நான் பண்பு என்று கருதினேன். கிளி பேசினால் அதன் இலக்கணத்தை யார் ஆராய்வார்? அந்தப் பெண்ணை நான் மாணவியாகக் கருதவில்லை, கிளியாகவே கருதினேன் என்பதை ஒப்புக்கொள்ளப் பல ஆண்டுகள் சென்றன.

அவர் தங்கியிருந்தது ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவரின் வீட்டில். அந்த வீட்டம்மையாருக்கு வெளிநாட்டாரை உபசரிக்கும் முறைகளெல்லாம் தெரியாது. வந்த மூன்றாம் நாள் காலை, “அம்மா, எனக்குப் பசிக்கிறேன்” என்று பெண் சொல்ல, அம்மையார் இடியப்பத் தட்டைக் கையிலே வைத்துக்கொண்டே, “பசிக்கிறேன் எண்டு சொல்லக்கூடாது, பிள்ளை. பசிக்குது. பசி தானாய் வாறதெல்லே? நீ கூப்பிட்டே வாறது?” என்றாராம். நமது இலக்கண நூல்கள் சுற்றி வளைத்துச் சொல்வதை அந்த அம்மையார் ஒரு தட்டு இடியப்பம் ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிட்டார். இதைப் பெண்ணே பின்னொரு நாள் என்னிடம் சிரித்துக்கொண்டு கூறினார். கூறிவிட்டு, “சேர், நீங்கள் ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டார். சிரிப்பு அப்பொழுது அவரிடம் இல்லை.

அந்தக் கேள்விக்கு நான் அன்று விடை கூறவில்லை. பின்னர் லூ சுன்னின் நினைவுக் கட்டுரை ஒன்றைப் படித்தபொழுது, அதே கேள்வியை வேறொரு நாட்டிலே, வேறொரு ஆசிரியர் கேளாமலே விடைபகர்ந்து சென்றிருக்கக் கண்டேன்.

லூ சுன்னை நம் நாட்டுத் தமிழ் வாசகர் அறிவர். தலாத்துஓயா கே. கணேஷ் அவர்கள் அவருடைய சிறுகதைகளைத் தமிழிற் பெயர்த்துத் தந்திருக்கிறார். நவீன சீன இலக்கியத்தின் தந்தை என்று போற்றப்படும் அம்மனிதர் முதலிலே வைத்தியராக விரும்பியவர் என்பதும், யப்பானிலே வைத்தியம் படித்தவர் என்பதும் பலர் கேள்விப்பட்ட செய்தியே. ஆனால், அங்கே அவருக்குக் கற்பித்த ஓர் ஆசிரியரைப் பற்றி 1926ஆம் ஆண்டிலே அவர் எழுதிய ‘புஜினோ ஆசிரியர்’ என்னும் கட்டுரை, சீனத்திலும் யப்பானிலும் பள்ளிப் பிள்ளைகள் வரை அறிந்ததாயினும், நம்மிடையே அவ்வளவாகப் பேசப்படவில்லை.

சோ ஷூரென் என்பது அவருடைய இயற்பெயர். 1881இலே ஷாவோசிங் நகரிற் பிறந்த அவர், 1902இல் அரசாங்கப் புலமைப்பரிசில் பெற்றுத் தோக்கியோ சென்று இரண்டு ஆண்டு யப்பானிய மொழி பயின்றார். அங்கே சீன மாணவர் திரளாக இருந்தனர். நீண்ட சடையைச் சுருட்டித் தொப்பிக்குள்ளே மறைத்துக்கொண்டு, மாலைவேளைகளில் நடனம் பழகும் அந்தக் கூட்டத்தின்மீது அவருக்கு வெறுப்புத் தட்டியது. சீனரே இல்லாத ஓர் இடத்துக்குப் போய்விட வேண்டுமென்று, 1904ஆம் ஆண்டு செப்டெம்பரில் வடக்கே குளிர் மிகுந்த செண்டாய் நகரத்து வைத்தியக் கல்லூரியிற் சேர்ந்தார். அக்கல்லூரியிலே படிக்க வந்த முதலாவது சீனர் அவரே. உருசியாவுடன் யப்பான் போர் புரிந்துகொண்டிருந்த ஆண்டு அது.

நகரம் அவரை நன்றாகவே வரவேற்றது. கல்லூரி கட்டணத்தைத் தள்ளுபடி செய்தது. உள்ளூர்ச் செய்தித்தாள் அவர் வரவைச் செய்தியாக வெளியிட்டது. அவர் முதலிலே தங்கிய வீடு சிறைச்சாலைக்கு அண்மையிலே இருந்தது. அவ்வீட்டாரே கைதிகளுக்கும் உணவு சமைத்து அனுப்புபவர்கள். கைதிகளின் சோறு வேகும் வீட்டிலே நீர் இருக்கலாகாது என்று கனவான் ஒருவர் திரும்பத் திரும்ப வற்புறுத்தவே, அவருடைய நல்லெண்ணத்தைத் தட்ட முடியாமல் வேறு வீட்டுக்கு மாறினார். புதிய வீட்டிலோ நாள்தோறும் கிழங்குத் தண்டுச் சூப்பு. அது தொண்டையில் இறங்க மறுத்தது. இந்த உபசரிப்புகளையெல்லாம் நினைத்து லூ சுன் ஓர் உவமை சொல்கிறார். வடநாட்டிலே மலிந்து கிடக்கும் கோவா தெற்கே போய்விட்டால், கடைக்காரன் அதன் வேரிலே சிவப்பு நூல் கட்டி, புதுப்பெயர் சூட்டித் தொங்கவிடுவான். அரியது என்பதால் வந்த மதிப்பு அது. செண்டாயிலே தாமும் அத்தகைய கோவாதான் என்கிறார். நன்றியும் கேலியும் பிரிக்க முடியாமற் கலந்த வசனம். எங்கள் நிறைகுடமும் சந்தனமும் நினைவுக்கு வர, புத்தகத்தை நான் மூடிவைத்தது அந்த இடத்திலேதான்.

புஜினோ கென்குரோ அக்கல்லூரியில் உடற்கூற்றியல் கற்பித்தவர். 1874இலே பிறந்தவர், ஆகவே ஆசிரியருக்கு முப்பது வயது, மாணவருக்கு இருபத்துமூன்று. உடையிலே கவனமில்லாத மனிதர். கழுத்துப்பட்டி அணிய மறந்து வகுப்புக்கு வருவார். குளிர்காலத்திலே பழைய மேற்சட்டையொன்றைப் போர்த்துக்கொண்டு புகையிரதத்திலே ஏறியபொழுது, முடிச்சுமாறியோ என்று ஐயுற்ற சேவகன் மற்றப் பயணிகளை எச்சரித்தானாம். வகுப்புத் தொடங்கி ஒரு கிழமை சென்றதும் அவர் அந்தச் சீன மாணவரை அழைத்தார். விரிவுரையைக் குறித்துக்கொள்ள இயலுகிறதா என்று விசாரித்து, கொப்பியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இரண்டு மூன்று நாளிலே திருப்பிக் கொடுத்தார். மாணவர் திறந்து பார்த்துத் திகைத்துப்போனார். தொடக்கம் முதல் முடிவு வரை சிவப்பு மை. விடுபட்டவை சேர்க்கப்பட்டிருந்தன, யப்பானிய மொழியிலே நேர்ந்த இலக்கணப் பிழைகள்கூட ஒவ்வொன்றாகத் திருத்தப்பட்டிருந்தன. அவர் கற்பித்த பாடங்களெல்லாம் முடியும்வரை ஒவ்வொரு கிழமையும் இது நடந்தது.

உடற்கூற்றியல் ஆசிரியருக்கு இலக்கணத்திலே என்ன வேலை என்று கேட்கலாம். நானோ தமிழாசிரியன். எனக்கு இலக்கணந்தான் வேலை.

ஒருநாள் புஜினோ மாணவரை அறைக்கு அழைத்து, முன்னங்கையின் இரத்தக் குழாய்ப் படமொன்றைக் காட்டினார். படம் அழகாக அமையவேண்டுமென்று மாணவர் ஒரு குழாயைச் சற்றே இடம் மாற்றி வரைந்திருந்தார். இது சித்திரமன்று, உள்ளது உள்ளபடி இருத்தல் வேண்டும், நாம் மாற்ற முடியாது என்று ஆசிரியர் பொறுமையாக விளக்கினார். மாணவர் வாயளவில் ஒப்புக்கொண்டு, உள்ளுக்குள்ளே, ‘எனது படம் நன்றாகத்தான் இருக்கிறது’ என்று எண்ணிக்கொண்டாராம். இருபது ஆண்டு கழித்து இதை எழுதும்போதும் அவர் மறைக்கவில்லை. திருத்தப்படுகிறவன் நன்றியுடன் தலையசைத்துக்கொண்டிருப்பான் என்று நாம் கற்பனை செய்கிறோம். உண்மையான மாணவன் முணுமுணுப்பான். முணுமுணுக்க இடமுள்ள உறவே உறவு.

புஜினோவின் அன்பு சலுகையன்று. முதலாண்டுப் பரீட்சையிலே 142 மாணவருள் லூ சுன் 68ஆம் இடத்தைப் பெற்றார். ஆனால் உடற்கூற்றியலில் அவருக்குக் கிடைத்த புள்ளி 59.3. சித்தியடைய 60 வேண்டும். ஆண்டு முழுவதும் சிவப்பு மையால் திருத்திய அந்தப் பாடத்திலேதான் அவர் தவறினார். இன்னொருவராயின், இவ்வளவு தூரம் வந்த பிள்ளையாயிற்றே என்று அந்த ஏழு தசமத்தைக் கூட்டிப் போட்டிருப்பார். நானாயின் இருபது புள்ளி கூட்டியிருப்பேன்.

ஆனால் ஊரிலே எல்லோரும் புஜினோக்கள் அல்லர். சீனனுக்கு இந்த இடம் எப்படிக் கிடைத்தது என்ற குசுகுசுப்பு வகுப்பிலே எழுந்தது. மாணவர் சங்கத்தினர் சிலர் அறைக்கு வந்து கொப்பிகளைப் புரட்டிப் பார்த்தனர். பெயரில்லாக் கடிதமொன்றும் வந்தது: பரீட்சை வினாக்களைப் புஜினோ கொப்பியிலே குறித்துக் கொடுத்தார் என்பதே குற்றச்சாட்டு. அன்பின் அடையாளமாக இருந்த சிவப்பு மையே களவின் சான்றாக மாறிவிட்டது. லூ சுன் ஆசிரியரிடம் சென்று முறையிட்டார். அவருடன் பழகிய யப்பானிய மாணவர் சிலரும் கொதித்தெழுந்து வாதாடியதால் வதந்தி அடங்கியது. நலிந்த நாட்டிலிருந்து வந்தவன் அறுபது புள்ளிக்கு மேல் எடுத்தால் அது அவன் ஆற்றலாக இருக்க முடியாது என்ற எண்ணத்தை அவர் தமது கட்டுரையிலே கசப்புடன் சுட்டுகிறார். அந்தக் கசப்பை நம்முள் பலர் வேறு வேறு மண்டபங்களிலே, வேறு வேறு மொழிகளிலே சுவைத்திருக்கிறோம்.

இரண்டாம் ஆண்டிலே நுண்கிருமியியல் வகுப்பிலே நடந்தது உலகறிந்த கதை. பாடம் முடிந்து நேரம் எஞ்சினால் போர்ச் செய்திப் படங்களைத் திரையிலே காட்டுவர். அவற்றுள் ஒன்றிலே, உருசியருக்கு வேவு பார்த்தான் என்று ஒரு சீனன் கொல்லப்பட, சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பவரும் சீனரே. வகுப்பு கைதட்டி ஆரவாரித்தது. உடலுக்கு வைத்தியம் செய்து பயனில்லை, உள்ளத்துக்கே செய்ய வேண்டும் என்று அன்று துணிந்ததாக லூ சுன் எழுதினார். பிற்காலத்திலே அந்த வகுப்பறைப் படத்தகடுகள் பல கண்டெடுக்கப்பட்டன. அவற்றுள் அக்காட்சி இல்லை. அதனால் ஆராய்ச்சியாளர் இன்றும் விவாதிக்கின்றனர். விவாதம் எவ்வாறாயினும், அந்தக் கைதட்டலை அவர் மறக்கவில்லை.

1906ஆம் ஆண்டு மார்ச்சில் அவர் செண்டாயை விட்டு நீங்கினார். விடைபெறச் சென்றபோது ஆசிரியரின் முகம் வாடியதைக் கண்டு, உயிரியல் படிக்கப் போகிறேன், நீங்கள் கற்பித்தது வீண்போகாது என்று ஒரு பொய் சொன்னார். புஜினோ தமது புகைப்படமொன்றைக் கொடுத்தார். அதன் பின்புறத்திலே ‘பிரிவுக்கு வருந்துகிறேன்’ என்னும் பொருள்பட இரண்டே எழுத்துகள். உமது படத்தையும் அனுப்பும், கடிதம் எழுதும் என்று கேட்டுக்கொண்டார். லூ சுன் படமும் அனுப்பவில்லை, கடிதமும் எழுதவில்லை. சொல்லத்தக்க செய்தி எதுவும் தம்மிடம் இல்லை என்ற நாணம் முதலிலே தடுத்தது; ஆண்டுகள் செல்லச் செல்ல எழுதுவது இன்னும் கடினமாயிற்று. இந்தத் தயக்கத்தை அறியாத மாணவன் உலகில் உண்டா? ஆனால் அந்தப் புகைப்படம் பீக்கிங்கிலே அவருடைய எழுத்து மேசைக்கு எதிரே, கிழக்குச் சுவரிலே தொங்கியது. இரவிலே சோர்ந்து பேனாவை வைக்க நினைக்கும்போது அந்த முகத்தைக் கண்டு, ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு மீண்டும் எழுதத் தொடங்குவாராம்.

புஜினோவுக்கு இது எதுவும் தெரியாது. கல்லூரி பேரரசுப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டபொழுது, வேண்டிய பட்டங்கள் இல்லாமையால் 1915இலே அவர் பதவியிழந்து, புகுயி மாகாணத்திலே தமது ஊருக்குத் திரும்பிக் கிராம வைத்தியராக வாழ்ந்தார். 1934இல் லூ சுன்னின் எழுத்துகளை யப்பானிய மொழியிலே ஒரு தொகுதியாக்க முற்பட்ட மசுடா வதாருவிடம், மற்றவற்றை நீர் விரும்பியவாறு தெரிவுசெய்யும், ‘புஜினோ ஆசிரிய’ரை மட்டும் விட்டுவிடாதீர் என்று லூ சுன் வேண்டிக்கொண்டார். அந்தப் பக்கங்கள் ஆசிரியரின் கண்ணிற் படும், இருக்கிறாரா இல்லையா என்று தெரியவரும் என்ற ஆசை. தகவல் எட்டுவதற்குள் 1936ஆம் ஆண்டு ஒக்டோபர் 19இல் லூ சுன் இறந்தார்.

அதன் பின்னரே பத்திரிகையாளர் கிராமத்து வைத்தியரைக் கண்டுபிடித்தனர். 1937இலே சஞ்சிகையொன்றில் வெளிவந்த அவருடைய நினைவுக் குறிப்பு என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. அந்த மாணவரைப் பற்றி விரிவான நினைவு தமக்கு இல்லையென்றும், சிறிய உதவியை அவர் இவ்வளவு பெரிதாகக் கொண்டிருந்தாரே என்றும் அவர் சொல்கிறார். சிறுவயதிலே சீன இலக்கியம் கற்றவர் தாமென்றும், ஆகவே அந்நாட்டு மக்களை மதித்து நடத்தல் வேண்டுமென்று எண்ணியவரென்றும் காரணம் கூறுகிறார். வேறொன்றுமில்லை. சிவப்பு மை அவருக்கு ஒரு நிகழ்ச்சியன்று. ஆசிரியத் தொழிலின் அன்றாட வேலை. அவ்வாண்டிலேயே யப்பானியப் படை சீனத்தினுட் புகுந்து பரவியது. 1945ஆம் ஆண்டு ஓகஸ்டு 11இல், போர் முடிவதற்கு நான்கு நாள் முன்னர், புஜினோ மறைந்தார்.

இந்த உறவை அரசாங்கம் பயன்படுத்தப் பாராமலும் இல்லை. போரின் இறுதிக் கட்டத்திலே, ஆசிய நாடுகளின் நல்லிணக்கத்தைக் காட்டும் நவீனம் வேண்டுமென்று அதிகாரபூர்வமான ஏற்பாடு நடந்தது. அதன் பயனாகத் தசாய் ஒசாமு என்னும் பேர்பெற்ற எழுத்தாளர் செண்டாய் நாட்களை வைத்து, புகைப்படத்தின் பின்னிருந்த அந்த இரண்டு எழுத்துகளையே தலைப்பாக்கி ஒரு கதை எழுதினார். நூல் வெளிவந்தது 1945 செப்டெம்பரில். கேட்டவர்களின் பேரரசு அதற்குள் சரணடைந்துவிட்டது.

ஊர் செய்தது வேறு. 1960இலே செண்டாய் மக்கள் லூ சுன்னுக்கு ஒரு நினைவுக்கல் நாட்டினர். அது எந்த நகரமும் செய்யக்கூடியதே. அதைவிட நான் பெரிதாக மதிப்பது, நகர மக்களே ஒரு குழுவாகச் சேர்ந்து, அவர் தங்கிய வீடுகள், அக்காலச் செய்தித்தாட்கள், பரீட்சைப் பதிவுகள், உயிரோடிருந்த சகமாணவரின் நினைவுகள் அனைத்தையும் தேடித் தொகுத்து 1978இலே பெருநூலாக வெளியிட்டதை. தங்கள் ஊர்ப் பிள்ளைகள் எழுதிய பெயரில்லாக் கடிதத்தையும் அவர்கள் ஒதுக்கிவிடவில்லை. நம் ஊரிலே ஒரு வெளிநாட்டு மாணவர் படித்துவிட்டுப் போனால், அவர் இருந்த வீடு எது என்று பத்து ஆண்டின் பின் சொல்லக்கூடியவர் எத்தனை பேர்? தொலைந்துவிட்டன என்று லூ சுன் வருந்திய அந்தக் கொப்பிகளும் அவர் இறந்த பின்னர் 1951இலே கிடைத்தன. ஆறு கட்டுகள், சிவப்பு மையோடு, பீக்கிங் அருங்காட்சியகத்திலே பேணப்படுகின்றன. 1983இல் லூ சுன் பிறந்த ஷாவோசிங்கும் புஜினோவின் அவாராவும் நட்பு நகரங்களாயின. அடுத்த ஆண்டிலே புஜினோவின் வீடு நினைவில்லமாகத் திறக்கப்பட்டது.

லூ சுன் செண்டாயிற் படித்த அதே ஆண்டுகளிலே, அதே யப்பானுக்கு வேறொரு மாணவர் கூட்டமும் வந்தது. அவர்கள் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த வியட்நாமியர். 1905இலே பான் போய் சாவ் என்னும் தேசபக்தர் தொடங்கிய கிழக்கு நோக்கிய பயண இயக்கத்தின் வழியாக ஏறக்குறைய இருநூறு இளைஞர் கரவாக யப்பான் சேர்ந்தனர். ஆனால் 1907இலே பிரான்சும் யப்பானும் உடன்படிக்கை செய்துகொண்டன. வரவேற்ற அரசே வெளியேறச் சொன்னது. மாணவர் சிதறினர், கையிலே கப்பற் கூலிக்கும் வழியில்லை.

அசாபா சகிடாரோ என்பவர் ஒடவாரா அருகே தொழில் நடத்திய வைத்தியர். வழியிலே சோர்ந்து விழுந்த வியட்நாமிய மாணவர் ஒருவரை எடுத்துப் பராமரித்துப் படிக்கவும் வைத்தவர். அந்த மாணவரின் வழியாக, முன்பின் அறியாத அசாபாவுக்குப் பான் போய் சாவ் கூச்சத்துடன் ஒரு கடிதம் எழுதினார். திரும்பி வந்தது 1,700 யென். கேள்வி ஒன்றுமில்லை, நிபந்தனை ஒன்றுமில்லை. 1909இலே பான் போய் சாவும் வெளியேற்றப்பட்டார். பல ஆண்டு அலைந்து, நன்றி சொல்லவென்று மீண்டும் யப்பான் வந்தபொழுது, அசாபா 1910இலேயே இறந்துவிட்டார் என்று அறிந்தார். உமேயாமா என்பது அசாபாவின் பிறந்த ஊர்; இன்று புகுரோயி நகரத்தின் ஒரு பகுதி. அங்கே ஒரு நினைவுக்கல் நாட்ட எண்ணிப் போனார். கல்லுக்கும் எழுத்து வெட்டவும் 100 யென் வேண்டும். அவர் கையிலிருந்தது 120. கல்லை ஏற்றி இறக்கி நிறுத்தும் செலவுக்கு வழியில்லை. கிராமத் தலைவர் ஊராரைப் பள்ளிக்கூடத்திலே கூட்டி, நாடிழந்த இந்த மனிதர் நம்மூரவர் ஒருவருக்குச் செய்ய வந்திருப்பதைச் சொன்னார். மிகுதியை ஊரே பார்த்துக்கொண்டது. 1918இலே நிறுத்திய அந்தக் கல் ஜோரின்ஜி ஆலயத்திலே இருக்கிறது. நூறு ஆண்டு கழித்து, 2018 நவம்பரில், யப்பானியப் பேரரசர் அக்கிஹிதோ அந்த நகரத்துக்குச் சென்று இவ்வரலாற்றின் சான்றுகளைப் பார்வையிட்டார். அரசு துரத்திய மாணவரின் கதையை, ஊர் காத்து வைத்திருந்தமையால், அரசே வந்து பார்க்க நேர்ந்தது.

அசாபா பணம் கொடுத்தார். புஜினோ பிழை திருத்தினார். இரண்டிலே எது பெரிது என்று நான் நிறுத்துப் பார்க்கப் போவதில்லை. ஆனால் இரண்டு பேருமே வந்தவரைச் சிவப்பு நூல் கட்டித் தொங்கவிடவில்லை. ஒருவர் வீதியில் விழுந்தவனை வீட்டுக்குள் எடுத்தார். மற்றவர் கொப்பியைத் திறந்தார். விருந்தினனைக் கூடத்திலே இருத்தி உபசரிப்பதில் நாம் கைதேர்ந்தவர்கள். அடுக்களைவரை வந்தவனுக்குத்தான் உப்புக் கூடிவிட்டது என்று சொல்லவும், சொல்லக் கேட்கவும் உரிமை பிறக்கிறது.

எனது கதைக்கு வருகிறேன். அந்தப் பெண் இரண்டு ஆண்டு முடித்துத் தமது நாட்டுக்குத் திரும்பினார். எனக்குப் புத்தாண்டு வாழ்த்து நான்கைந்து ஆண்டு வந்தது, பிறகு நின்றுவிட்டது. நான் ஒழுங்காகப் பதில் எழுதாதவன். குறைசொல்ல எனக்கு உரிமையில்லை. அம்மையாருக்கோ கடிதம் நின்றதேயில்லை. 1995ஆம் ஆண்டு இடப்பெயர்விலே அம்மையார் வீட்டை விட்டுத் தென்மராட்சிக்கும் பின்னர் வன்னிக்கும் போனபொழுது, கடிதங்கள் கொழும்பிலிருந்த உறவினர் ஒருவரின் முகவரிக்கு மாறி, மாதக்கணக்கிற் பிந்தியாவது கைக்குப் போய்ச் சேர்ந்தன. பதிலிலே அம்மையார் தமது சுகதுக்கம் எழுதிவிட்டு, முன்னைய கடிதத்தின் பிழைகளையும் கீழே வரிசையாக எழுதி அனுப்புவாராம். கூடாரத்துக்குள்ளே இருந்துகொண்டும் அதை அவர் விடவில்லை என்று அவருடைய மகன் என்னிடம் சொன்னார்.

2014இலே அம்மையார் காலமானார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நானும் போயிருந்தேன். கீரிமலையிலிருந்து வந்து பந்தியிருக்கும் வேளையிலே, தலை நரைத்த வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சாம்பார் வாளியோடு வந்தார். என்னைக் கண்டதும் அடையாளம் பிடித்துவிட்டார். சேர், சுகமாயிருக்கிறீங்களோ என்று விசாரித்தார். முப்பத்தைந்து ஆண்டுக் கடனை ஒரு வாக்கியத்திலே தீர்த்துவிடலாமென்று நான் ஏதோ தொடங்க, அவர் அதைக் கேட்க நிற்கவில்லை. பந்தி நீண்டு கிடந்தது. 

அடுத்த இலையிலிருந்த கிழவர், “எனக்குக் காணும் பிள்ளை, காணும்” என்று கையை விரித்தார். “அம்மா இருந்தால் விடுவாவே?” என்று சொல்லிக்கொண்டு, அவர் ஒரு கரண்டி வார்த்துவிட்டு அப்பால் நகர்ந்தார்.